எல்லை கடக்கும் திருவிழாக்களும் சுற்றுலாவும்

திருவிழாவுக்காகப் பயணம் செய்வது பாரத நாட்டில் மிகத் தொன்மையான வழக்கம். சுற்றுலா என்ற சொல் வழக்கிற்கு வருமுன், பயண விடுதிகளும் வழிகாட்டி நூல்களும் தோன்றுமுன், மக்கள் மாதக் கணக்கில் நடந்து விழாக்களுக்குச் சென்றார்கள். வழியில் சத்திரங்கள் எழுந்தன, சந்தைகள் கூடின, கலைஞர்கள் பிழைப்புத் தேடி அங்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றுலாவின் பயன்கள் என்று இன்று பொருளாதார அறிஞர்கள் எவற்றைக் கூறுகிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை அன்று விழாவை ஒட்டியே நிகழ்ந்தன. விழா முந்தியது, சுற்றுலா பிந்தியது. நாடுகளுக்கு இடையிலான எல்லைக்கோடுகளோ பல இடங்களில் இவ்விரண்டுக்கும் நடுவில் வந்தவை.

ஐக்கிய நாடுகள் சபை 1967-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, சுற்றுலா சமாதானத்திற்கு வழி திறக்கும் அனுமதிச் சீட்டு என்ற கருத்தை முழக்கமாக வைத்தது. அதன் பிறகு அரசுகள் இத்துறையில் காட்டிய அக்கறை பன்மடங்கு பெருகிற்று. 1951-இல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 17 ஆயிரம் பேர். 2019-இல் வந்தவர்கள் 1 கோடியே 9 லட்சம் பேர். அவ்வாறு வந்தவர்களில் முதலிடம் பெற்றவர்கள் அமெரிக்கரோ ஆங்கிலேயரோ அல்லர். 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வங்கதேச மக்களே. நெடுந்தொலைவிலிருந்து விமானத்தில் வருபவரை மட்டுமே சுற்றுலாப் பயணி என்று எண்ணும் பழக்கத்தை இந்தப் புள்ளிவிவரம் ஒன்றே திருத்தப் போதுமானது. அண்டை வீட்டாரே பெரிய விருந்தினர். அவர்களுள்ளும் நேபாள மக்கள் தரைவழியாக வருவது இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதே இல்லை.

கணக்கில் சேராத இந்தப் போக்குவரத்தில்தான் எல்லை கடக்கும் விழாக்களின் உயிர் இருக்கிறது. ஆகவே சுற்றுலாவுக்கும் இத்தகைய விழாக்களுக்கும் உள்ள உறவை ஆராய விரும்புவோர், இந்திய–நேபாள எல்லையின் இருபுறமும் பரந்து கிடக்கும் மிதிலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

இரு நாடுகளில் ஒரு நிலம்

வடக்கே இமயத்தின் அடிவாரம், தெற்கே கங்கை, மேற்கே கண்டகி நதி, கிழக்கே கோசி நதிக்கு அப்பால் வரை என்பது மிதிலையின் மரபு வழி எல்லை. 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கை இந்நிலத்தின் குறுக்கே அரசியல் எல்லையை வகுத்தது. சனகனின் தலைநகரம் என்று மக்கள் போற்றும் சனக்பூர் நேபாளத்தில் அமைந்தது. மதுபனி, தர்பங்கா, சீதாமடி ஆகியவை இந்தியாவில் அமைந்தன. மக்களின் வாழ்க்கை மட்டும் இரண்டாகவில்லை. மைதிலி மொழி இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இடம் பெற்றது. நேபாளத்திலோ அது இரண்டாவது பெரிய தாய்மொழி. எல்லையின் இருபுறத்தாருக்கும் இடையிலுள்ள உறவை அங்குள்ளோர் ‘ரோட்டி–பேட்டி’ உறவு என்பார்கள். ஒரே பந்தியில் உண்பதும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் என்பது அதன் பொருள். இந்தியாவும் நேபாளமும் 1950-இல் செய்துகொண்ட சமாதான, நட்புறவு உடன்படிக்கை இந்த உறவுக்குச் சட்டத் துணையாக விளங்குகிறது. இரு நாட்டுக் குடிமக்களும் விசா இன்றி எல்லையைக் கடக்கலாம்.

சனக்பூரின் புகழ் பெற்ற ஜானகி ஆலயத்தைக் கட்டியவரும் எல்லைக்கு இப்பாலிருந்து சென்றவரே. இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த டிகம்கட் சமஸ்தானத்தின் அரசியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எழுப்பினார். அதற்கு ஒன்பது லட்சம் ரூபாய் செலவாயிற்று என்ற வழக்கால் அவ்வாலயம் ‘நௌலக்கா’ என்றும் பெயர் பெற்றது. மார்கழியை ஒட்டி வரும் விவாக பஞ்சமியன்று சீதா கல்யாணம் அங்கு நடைபெறும்போது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அயோத்தியிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டுச் செல்வது மரபு. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்த கல்யாணத்துக்கும் அவ்வாறு ஊர்வலம் சென்றது. ஒரு நாடு மணமகன் வீடு. மற்றொரு நாடு மணமகள் வீடு. இவ்விழாவில் விருந்தினர், விருந்தோம்புவோர் என்ற இரு தரப்பார் உண்டே தவிர, காட்சி காண்போர் என்று மூன்றாம் தரப்பார் மரபில் இல்லை. சுற்றுலா வளரும்போது புதிதாக நுழைபவர் இந்த மூன்றாம் தரப்பாரே.

பதினைந்து நாள் நடை

விவாக பஞ்சமியைவிடவும் ஆழமாக எல்லையைத் தைத்து இணைக்கும் விழா மிதிலையில் உண்டு. பால்குன மாதத்தில் நடைபெறும் மத்திம பரிக்கிரமம் என்னும் வலம்வருதலே அது. நேபாளத்தின் தனுஷா மாவட்டத்திலுள்ள கச்சூரி என்ற ஊரிலிருந்து புறப்படும் மிதிலா பிகாரியின் பல்லக்கும், கிசோரி எனப்படும் சீதையின் பல்லக்கும் முன்னே செல்ல, ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கின்றனர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தூரத்தை அவர்கள் பதினைந்து நாட்களில் நடந்து முடிக்கிறார்கள். பலர் செருப்பு அணிவதில்லை.

இந்த யாத்திரை எல்லையைப் பொருட்படுத்தாது செல்வது. நேபாளத்தில் தொடங்கி, இந்தியாவின் மதுபனி மாவட்டத்தில் கல்யாணேசுவர், புல்கர் ஆகிய இடங்களில் தங்கி, மீண்டும் நேபாளத்தில் நுழைந்து, மட்டிகானி, ஜலேசுவர் முதலிய ஊர்களைக் கடக்கிறது. புல்கர், சீதை மலர் கொய்து கௌரியை வழிபட்ட பூந்தோட்டம் என்பது நம்பிக்கை. காஞ்சன வனத்தில் வண்ணப் பொடி தூவி ஹோலியைத் தொடங்குகிறார்கள். வில்லின் ஒரு துண்டம் விழுந்ததாகக் கூறப்படும் தனுஷாதாமத்தை வணங்கிய பின், மறுபடியும் இந்திய மண்ணில் கருணா, பிசௌல் ஆகிய இடங்களுக்கு வருகிறார்கள். பிசௌல், விசுவாமித்திரர் தங்கிய ஆசிரமம் என்பர். பௌர்ணமியன்று சனக்பூர் நகரை வலம்வந்து யாத்திரை நிறைவெய்துகிறது.

இந்நடையில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் எளிய உழவர்கள்; பெண்களும் முதியோரும் மிகுதி. அரிசியும் அவலும் துணி மூட்டையில் கட்டிச் சுமந்து வருவார்கள். இரவில் தோப்புகளிலும் கோயில் திடல்களிலும் உறங்குவார்கள். அவர்கள் தங்கும் ஊரார் வைக்கோலும் விறகும் தண்ணீரும் தந்து உபசரிப்பார்கள். நுழைவுச் சீட்டு இல்லை, முன்பதிவு இல்லை, எவரும் எவருக்கும் கட்டணம் கொடுப்பதில்லை. சுற்றுலாத் துறையின் ஏடுகளில் இப்பயணத்துக்கு வருமானக் கணக்கு எழுத இடமில்லை. எனினும் இரு நாட்டு மக்களும் ஒருவர் ஊரில் ஒருவர் பதினைந்து இரவுகளைக் கழிக்கச் செய்யும் ஆற்றல், பெரும் பொருட்செலவில் நடைபெறும் நட்புறவு விழாக்களுக்கும் எளிதில் கிட்டுவதில்லை.

பதினெட்டு நாள் ரயில்

இதே நிலத்தில் அண்மை ஆண்டுகளில் சுற்றுலாவுக்கான வசதிகள் விரைந்து வளர்ந்துள்ளன. சனக்பூருக்கும் அயோத்திக்கும் இடையே நேரடிப் பேருந்துச் சேவை 2018 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. தர்பங்காவில் 2020 நவம்பரில் பயணிகள் விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. ஜெயநகரையும் சனக்பூரையும் இணைத்து 1937 முதல் ஓடிய குறுகிய ரயில் பாதை 2014-இல் சேவையை நிறுத்திக்கொண்டிருந்தது. இந்திய அரசின் உதவியுடன் அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் ஜெயநகருக்கும் குர்த்தாவுக்கும் இடையே 35 கிலோமீட்டர் தூரத்துக்கு அது திறந்து வைக்கப்பட்டது. சுற்றுலா அமைச்சகத்தின் ‘சுதேச தரிசனம்’ திட்டத்தில் இராமாயணத் தலங்களுக்கென ஒரு தனிப் பயணச் சுற்றும் இடம் பெற்றது.

2022 ஜூன் 21-ஆம் நாள் டில்லியிலிருந்து ‘பாரத் கௌரவ்’ சுற்றுலா ரயில் ஏறத்தாழ 500 பயணிகளுடன் புறப்பட்டது. அயோத்தி, சனக்பூர், காசி, நாசிக், ஹம்பி, இராமேசுவரம், காஞ்சிபுரம் முதலிய தலங்களைப் பதினெட்டு நாட்களில் காணும் பயணம் அது. இந்தியாவிலிருந்து நேபாளத்துக்குள் சென்ற முதல் சுற்றுலா ரயில் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஒருவருக்குரிய கட்டணம் 60 ஆயிரம் ரூபாய்க்கு மேல். குளிர்பதனப் பெட்டி, உணவு, தங்கும் விடுதி, வழிகாட்டி அனைத்தும் அக்கட்டணத்தில் அடங்கின.

பதினைந்து நாள் நடையையும் பதினெட்டு நாள் ரயிலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுற்றுலாவுக்கும் விழாவுக்கும் உள்ள உறவின் சிக்கல் விளங்கும். இரண்டுமே பக்தியின் பயணங்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. முதியோரும் தென்னாட்டவரும் சனக்பூரைக் காண ரயில் வழி செய்தது பெரும் நன்மை. ஆனால் பொருள் செல்லும் வழி வேறு. முன்கூட்டியே செலுத்தப்பட்ட கட்டணம் பெருநகரத்திலேயே தங்கிவிடுகிறது. இரண்டொரு விடுதிகளுக்கும் பேருந்து உரிமையாளருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. புல்கரிலும் பிசௌலிலும் தண்ணீரும் வைக்கோலும் தந்து இவ்விழாவைத் தலைமுறைகளாகத் தாங்கி வரும் ஊராருக்கு அதில் ஒன்றுமில்லை. விழாவின் பெயரால் சுற்றுலா வளர்கிறது. விழாவைச் சுமப்பவர் வளர்ச்சிக்கு வெளியே நிற்கிறார். வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவே.

இன்னொரு முரண்பாட்டையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். ஜெயநகர்–சனக்பூர் ரயில் 2022-இல் தொடங்கியபோது இந்தியரும் நேபாளத்தவரும் மட்டுமே அதில் எல்லையைக் கடக்க அனுமதிக்கப்பட்டனர். பிற நாட்டவருக்கு அனுமதி இல்லை. மிதிலை ஓவியங்களில் மனம் பறிகொடுத்து மதுபனி வரை வந்த ஒரு ஜப்பானியர், அதே ஓவியம் வழங்கும் சனக்பூருக்குச் செல்ல விரும்பினால், அந்த 35 கிலோமீட்டர் ரயில் அவருக்குப் பயன்படாது. வேறு வழியைத் தேடிச் சுற்றித்தான் செல்ல வேண்டும். அண்டை நாட்டவர்க்கு எல்லை ஒரு வாய்க்கால். தொலைநாட்டவர்க்கு அதுவே மதில்.

திறந்த வழியும் மூடிய வழியும்

மிதிலையில் திறந்திருக்கும் எல்லை எவ்வளவு அரிய பேறு என்பதை, வேறு இரு எல்லைகளுடன் ஒப்பிட்டு அறியலாம்.

முதலாவது, பஞ்சாப் எல்லை. குரு நானக்கின் 550-ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 2019 நவம்பர் 9-ஆம் நாள் கர்த்தார்பூர் பெருவழி திறக்கப்பட்டது. குரு நானக் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த அத்தலம், இந்தியாவின் தேரா பாபா நானக் எல்லைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் தொலைவில் பாகிஸ்தானில் உள்ளது. நாள்தோறும் 5,000 பக்தர்கள் விசா இன்றிச் சென்று அன்றே திரும்பலாம் என்று உடன்பாடு கூறிற்று. பாஸ்போர்ட் வேண்டும், ஒவ்வொருவரும் 20 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட வழி 2021 நவம்பரில் மீண்டும் திறந்தது. 2024 அக்டோபரில் உடன்பாடு மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் இரு நாட்டு உறவு சீர்கெட்ட நிலையில், 2025 மே மாதத்தில் இந்தியத் தரப்பில் பயணம் நிறுத்தப்பட்டது. பல்லாண்டுகளாக எல்லைக்கு இப்பால் நின்று தொலைநோக்கி மூலம் குருத்துவாராவைத் தரிசித்த மக்களுக்கு, வழி திறந்ததும் மூடியதும் ஒரு சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன.

இரண்டாவது, பாக் நீரிணை. கச்சத்தீவு அந்தோணியார் ஆலயத்தில் தவக் காலத்தில் நடைபெறும் இருநாள் திருவிழா, இராமேசுவரத்து மீனவரும் யாழ்ப்பாணப் பகுதி மீனவரும் கூடும் விழா. 1974-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவரும் பக்தரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றும், அதற்கென இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்றும் கூறுகிறது. ஒரு சர்வதேச உடன்படிக்கையில் பக்தருக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது சிறப்புக்குரியது. ஆயினும் இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் விழா தடைப்பட்டது. 2009-இல் போர் முடிந்தபின் இரு நாட்டவரும் மீண்டும் கூடினர். 2016 டிசம்பரில் புதிய ஆலயமும் அர்ச்சிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு விழாவின்போதோ, மீனவர்கள் கைதானதைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தனர். இந்தியாவிலிருந்து பக்தர்கள் செல்லவில்லை. விழாவில் உறவினராகக் கூடுபவர்களே கடலில் போட்டியாளராக நிற்கிறார்கள். விழா அப்பிணக்கைத் தீர்ப்பதில்லை. ஆனால் பிணக்கைப் பேசித் தீர்க்கக்கூடியவர்கள் முகம் பார்த்துக்கொள்ள ஆண்டில் இரண்டு நாட்களை அது தருகிறது. அந்த இரண்டு நாட்களை இழப்பது சிறிய இழப்பன்று.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் ஒரு பாடத்தைப் புகட்டுகின்றன. எல்லை கடக்கும் விழாவை நம்பி எழுப்பப்படும் கடை, விடுதி, போக்குவரத்து அனைத்தும் அரசியல் வானிலைக்கு உட்பட்டவை. வழி மூடினால் சுற்றுலாப் பயணி வேறு ஊருக்குச் செல்வார்; முதலீட்டாளர் வேறு தொழிலுக்குச் செல்வார். பக்தர் மட்டும் காத்திருப்பார். ஆதலால் திட்டத்தின் அடித்தளம் பயணியின் வருகை அன்று, வழியின் நிலைபேறே. வழியைக் காப்பது அயலுறவுத் துறையின் பணி என்று சுற்றுலாத் துறை ஒதுங்கி நிற்கலாகாது.

அயல்நாட்டில் கூடிய விழா

விழாவைத் தேடி மக்கள் எல்லை கடப்பது ஒரு முறை. மக்களைத் தேடி விழா எல்லை கடப்பது மற்றொரு முறை. இரண்டாவதற்குச் சிறந்த சான்று இந்திய அரசு அயல்நாடுகளில் நடத்திய இந்திய விழாக்கள். 1982-இல் பிரிட்டனிலும், 1985-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும், 1987-இல் சோவியத் யூனியனிலும் அவை தொடங்கப் பெற்றன. பூபுல் ஜெயகர் அம்மையார் இம்முயற்சிகளின் முதன்மை அமைப்பாளர்களுள் ஒருவர். இந்தியப் பண்பாட்டை அறிமுகம் செய்வதும், கைவினைப் பொருள்களுக்குச் சந்தை தேடுவதும், அயல்நாட்டாரை இந்தியாவுக்கு ஈர்ப்பதும் ஒன்றோடொன்று பிணைந்த நோக்கங்களாக இருந்தன.

இவ்விழாக்களிலும் மிதிலை இடம் பெற்றது. அதன் பின்னணி எண்ணத்தக்கது. மைதிலிப் பெண்கள் திருமணத்தின்போது மணமக்களின் அறைச் சுவரில் ‘கோபர்’ என்னும் மங்கல ஓவியம் வரைவது வழக்கம். 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சுவர்கள் இடிந்தபோதுதான் ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரியின் கண்ணில் அவை பட்டன. 1949-இல் அவர் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1966–67-இல் பீகாரைக் கடும் வறட்சி வாட்டியபோது, கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் மூலம் அப்பெண்களுக்குக் காகிதம் வழங்கி வரையச் செய்தது. சுவரில் இருந்த சடங்கு காகிதத்தில் வாழ்வாதாரமாயிற்று. ஜகதம்பா தேவி 1975-லும், சீதா தேவி 1981-லும், கங்கா தேவி 1984-லும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஜப்பானின் நீகாத்தா மாநிலத்திலுள்ள தோகாமாச்சியில் 1982-இல் மிதிலை ஓவியங்களுக்கென ஓர் அருங்காட்சியகமே தோன்றியது.

1985-இல் அமெரிக்க விழாவுக்குச் சென்ற கங்கா தேவி, தாம் அங்குக் கண்டவற்றைத் தம் மரபுக் கோடுகளால் வரைந்தார். கேளிக்கைப் பூங்காவில் ஏறி இறங்கும் ராட்டினமும் அவர் ஓவியத்தில் இடம் பெற்றது. பயணி ஒருவர் கிராமத்துக்கு வந்து கலைஞரைப் படமெடுப்பதே வழக்கமான சுற்றுலா. இங்கே கலைஞரே பயணியாகி, வந்தடைந்த நாட்டைத் தம் கண்ணால் பதிவு செய்தார். எல்லை கடக்கும் விழா தரக்கூடிய மிக உயர்ந்த பயன் இது எனலாம்.

ஆனால் திரும்பி வந்த பின் நிகழ்ந்ததையும் பார்க்க வேண்டும். கங்கா தேவி கடும் நோயுற்றிருந்த தம் இறுதிக் காலத்தில் டில்லி கைவினை அருங்காட்சியகத்தின் அறை ஒன்றில் கோபர் ஓவியத்தை வரைந்து தந்தார். 1991-இல் அவர் மறைந்தார். 2015-ஆம் ஆண்டளவில் கட்டடச் சீரமைப்பின்போது அந்த ஓவியச் சுவர் அழிந்துபோயிற்று. கடல் கடந்து போற்றப்பட்ட கைவண்ணம் தலைநகரில் காக்கப்படவில்லை.

தெருக் கலைஞர்களின் நிலையும் இதை ஒத்ததே. 1985-இல் வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய ‘அதிதி’ கண்காட்சியிலும், அதையொட்டித் திறந்தவெளியில் அமைந்த ‘மேளா’விலும் இந்தியாவின் பொம்மலாட்டக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் செப்பிடுவித்தைக்காரர்களும் பெரும் பாராட்டைப் பெற்றனர். அவர்களில் பலர் டில்லி சாதிப்பூர் பகுதியிலிருந்த கட்புத்லிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். தாயகத்திலோ, 1959-ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் டில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டிருந்தது. பொது இடத்தில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் பொருள் பெறுவதை அது பிச்சையாகவே கருதிற்று. ஒரு நாட்டில் கலைத் தூதர். தம் நாட்டில் குற்றவாளி. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என்று தீர்ப்பளிக்கும் வரை இந்நிலை நீடித்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மறுசீரமைப்புத் திட்டத்துக்காக அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள்.

விழாவை ஏற்றுமதி செய்வது எளிது. விழாவின் சொந்தக்காரரை உள்நாட்டில் மதிப்போடு வாழவைப்பதே அரிது. முன்னதைச் செய்து பின்னதை மறந்தால், சுற்றுலாப் பயணி தேடி வரும்போது காண்பதற்கு விளம்பரத் தாளே மிஞ்சும்.

செய்யத் தக்கவை

எல்லை கடக்கும் விழாக்களில் சுற்றுலாவுக்கு இடமே கூடாது என்ற முடிவுக்கு இவை இட்டுச் செல்லவில்லை. வறுமை மிகுந்த எல்லைப்புற மாவட்டங்களுக்கு வருமானம் தேவை. வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞருக்கு ஊரிலேயே தொழில் கிடைக்குமானால் அது வரவேற்கத் தக்கது. எந்த ஒழுங்கில் செய்வது என்பதே வினா.

முதலாவது, நடைபாதையை ஒட்டிய தங்குமிடங்களுக்கு முன்னுரிமை வேண்டும். நடப்போருக்குக் குடிநீர், கழிப்பிடம், நிழல், மருத்துவ உதவி ஆகியவையே முதல் தேவை. இவை நிரந்தர வசதிகளாக அமைந்தால், விழா முடிந்த பின் ஆண்டு முழுதும் ஊராருக்குப் பயன்படும். பெரிய விடுதிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

இரண்டாவது, நாள் குறிக்கும் உரிமை விழாக் கொண்டாடுபவருக்கே இருக்க வேண்டும். 1974-இல் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட லடாக்கில், சில மடாலயங்களின் குளிர்கால விழாக்கள் பயணிகள் வரும் கோடை காலத்துக்கு மாற்றப்பட்டன. மிதிலையின் விழாக்கள் பருவத்தோடு பிணைந்தவை. கார்த்திகையில் பெண்கள் களிமண்ணால் பறவைகள் செய்து கொண்டாடும் சாமா–சகேவா விழா, இமயத்திலிருந்து பறவைகள் சமவெளிக்கு இறங்கிவரும் காலத்தை ஒட்டியது. பயணியின் விடுமுறைக்காக அதை நகர்த்தினால் விழாவின் பொருளே மறைந்துபோகும்.

மூன்றாவது, வருமானம் ஊராரிடம் சேரும் வழி வகுக்கப்பட வேண்டும். 2007-இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இடைத்தரகரைத் தவிர்த்து வரைந்தவரின் பெயரோடும் உரிய விலையோடும் ஓவியம் விற்கப்படுவதற்குக் கூட்டுறவு அமைப்புகள் தேவை. விரும்பும் குடும்பங்கள் தம் இல்லங்களில் பயணிகளைத் தங்கவைக்கப் பயிற்சியும் கடனும் அளிக்கலாம். எத்தனை பேரை ஏற்பது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யட்டும்.

நான்காவது, இரு நாட்டு அரசுகளும் விழா நாட்காட்டி ஒன்றைக் கூட்டாக வெளியிட்டு, விழாக் காலத்தில் பிற நாட்டவரும் அருகிலுள்ள எல்லைச் சாவடியிலேயே எளிதில் கடந்துசெல்ல ஏற்பாடு செய்யலாம். கூட்டுரிமைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நவ்ரோஸ் புத்தாண்டு விழாவை 2009-இல் இந்தியா, பாகிஸ்தான், ஈரான் உள்ளிட்ட 7 நாடுகள் கூட்டாக முன்மொழிந்து, யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. 2016-இல் அந்நாடுகளின் எண்ணிக்கை 12 ஆயிற்று. பல துறைகளில் ஒத்துப்போகாத நாடுகளும் ஒரு விழாவைத் தமக்குப் பொதுவானது என்று ஒப்புக்கொண்டன. மத்திம பரிக்கிரமம் அத்தகைய கூட்டு முயற்சிக்கு முற்றிலும் தகுதி வாய்ந்தது.

சுற்றுலாவின் வெற்றியை வந்தவர்களின் தலைக்கணக்கிலும் ஈட்டிய அன்னியச் செலாவணியிலும் அளப்பது துறையின் வழக்கம். எல்லை கடக்கும் விழாவுக்கு அந்த அளவுகோல் போதாது. அவல் மூட்டையோடு நடந்துவரும் மூதாட்டி அடுத்த ஆண்டும் எவரிடமும் சீட்டுக் காட்டாமல் எல்லையைக் கடக்கிறாரா, அவருக்கு வைக்கோல் பரப்பித் தந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதா, அவ்வூர்ச் சுவரில் கோபர் வரையும் பெண்ணின் கைக்கு உரிய கூலி வந்து சேர்கிறதா என்ற மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று விடை கூற முடியுமானால், பின்னால் எத்தனை சுற்றுலா ரயில்கள் வந்தாலும் விழாவுக்குக் கேடில்லை. அவற்றில் வரும் பயணிகளுக்கும் காணத் தகுந்த விழா அங்கே இருக்கும்.